கடலில் விட்ட கணக்கு

 

ஆண்டு முடிவில் இருப்பு எடுக்காத கடைக்காரர் நம்மில் எவருமில்லை. எத்தனை மூட்டை உள்ளது, எது செல்லரித்தது, யார் நமக்குத் தர வேண்டும், யாருக்கு நாம் தர வேண்டும் என்று ஒரு நாளாவது கதவைச் சாத்திக்கொண்டு எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் நம் முன்னோர் ஊரில் விட்டுச் சென்ற இருப்பு என்ன என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்தோமா? பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறோம், விருந்து உண்கிறோம், துணிமணி வாங்குகிறோம், திரும்பி வருகிறோம். ஊர் நமக்கு விடுமுறை இடமாகிவிட்டதேயன்றி, பாடம் படிக்கும் இடமாக இல்லை.

இக்கட்டுரையில் கீழக்கரையை எடுத்துக்கொண்டு ஒரு பாடம் படிப்போம். காயல்பட்டினம், நாகூர், தோப்புத்துறை, முத்துப்பேட்டை ஆகிய ஊர்க்காரர்கள் கீழக்கரை என்று வரும் இடங்களில் தத்தம் ஊரை வைத்துப் படித்துக்கொள்ளலாம், பாடம் ஒன்றுதான்.

உட்லண்ட்ஸ் கரை சொல்லும் செய்தி

முதலில் நாம் குடியிருக்கும் உட்லண்ட்ஸையே பார்ப்போம். 1903-ல் ரயில் பாதை இவ்விடம் வரை வந்தது. அக்காலத்தில் இங்கே இறங்கிப் படகேறித்தான் ஜொகூர் போகவேண்டும். 1923-ல் கடற்பாலத்தின்மீது ரயில் ஓடத் தொடங்கிற்று. 1924 ஜூன் 28-ல் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. இன்று சோதனைச் சாவடி நிற்கும் கரையோரத்தில் லோரோங் பாத்திமா என்னும் கம்பம் ஒன்று இருந்தது. நீரின்மேல் கால் நட்ட வீடுகள், வாசலில் படகு. 1980-களின் இறுதியில் அக்கம்பம் அகற்றப்பட்டு, குடிகள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள்.

இன்று அங்கே போய் நின்றால் கம்பத்தின் ஒரு பலகையும் கிடைக்காது. ஆயினும் அக்கரையில் வாழ்ந்தோர் நினைவும் நிழற்படமும் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. எதனால்? எவரோ கேட்டு எழுதிக்கொண்டார்கள். எவரோ படம் பிடித்து வைத்தார்கள். சிங்கப்பூரில் முதியோர் சொல்லும் சொல்லை ஒலிப்பதிவு செய்வதற்கென்றே 1979-ல் ஒரு பிரிவு தொடங்கினார்கள். மரமும் ஓலையும் போகலாம். எழுதி வைத்தது நிற்கும்.

நம் இனத்தின் கதையிலும் இதற்குச் சான்று உண்டு. 1875-ல் 'சிங்கை வர்த்தமானி' என்ற தமிழ்ப் பத்திரிகை இந்நகரில் வெளிவந்தது. அடுத்தடுத்து வேறு சிலவும் வந்தன. 1887-ல் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கைநேசன்' நடத்தினார். அந்தப் பழைய பத்திரிகைகளில் இன்று நாம் எடுத்துப் படிக்கக் கிடைப்பது சிங்கைநேசன்தான். மற்றவற்றில் என்ன விலைவாசி, எந்தக் கப்பல், யார் வீட்டுக் கலியாணம் எழுதியிருந்தது என்பது போனது போனதே.

கீழக்கரை என்னும் இருப்பு

நிற்க. கீழக்கரைக்கு வருவோம். இராமநாதபுரத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் உள்ள ஊர். எதிரே கடலில் அப்பா தீவு முதலிய சிறு தீவுகள். சங்கும் முத்தும் அக்கடல் தந்த செல்வம். அங்கே எடுத்த சங்கு வளையல் அறுப்பதற்காக வங்காளம் வரை போயிற்று. மரக்கலம் ஓட்டி வாணிகம் செய்தவர் மரைக்காயர் எனப்பட்டனர் என்பர். பதினேழாம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்தவர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். டச்சுக் கம்பெனியாரின் ஏடுகளில் பெரியதம்பி மரைக்காயர் என்னும் பெயர் வருவதும், நாட்டார் வாயில் சீதக்காதி என்று வழங்குவதும் அந்த வள்ளல் மரபைத்தான். கிழவன் சேதுபதியின் நண்பர், பெரும் வியாபாரி.

அவர் எத்தனை மூட்டை மிளகு விற்றார் என்பது இன்று யாருக்கு நினைவிருக்கிறது? உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றார் என்பதே நினைவிருக்கிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையுடைய அந்நூல் முடியுமுன்னே வள்ளல் மறைந்தார். அபுல் காசிம் மரைக்காயர் என்னும் மற்றொரு வணிகர் அப்பொறுப்பை ஏற்றார். எழுத்தைக் காப்பது ஆலிம்களுக்கும் புலவர்களுக்கும் மட்டுமே உரிய கடமை என்று எண்ணுவது தவறு. ஆதியிலிருந்தே அது வியாபாரிகளின் கடமையாகவும் இருந்து வந்திருக்கிறது.

கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கல்தூண்களும் பூவேலையும் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கை. உருவங்களை விலக்கி, கொடியும் மலரும் கொண்டு தொழுமிடத்தை அழகு செய்தார்கள். அரபு நாட்டிலிருந்து மார்க்கம் வந்தது; கல் தச்சன் உள்ளூரான். இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, 'நாம் யார்?' என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இரு கரைக்கும் பொதுச் சொற்கள்

மிச்சப் பாதி விடை நம் நாக்கிலேயே இருக்கிறது. ஊரில் காலை உணவைப் 'பசியாற' என்கிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர் யாவரும் அச்சொல்லைச் சொல்வது காதில் விழுகிறது. தந்தையை வாப்பா என்றும், பாட்டனாரை அப்பா என்றும் சொல்வது நம் கரையோர வழக்கம். சதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703) அவர்களை ஊரார் அவ்வாறு அழைப்பது பாட்டனார்க்குரிய மரியாதையினால்தான்.

மலாய் அண்டைவீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். நம் 'கடை' அவர்களுக்குக் 'கெடாய்'. 'கப்பல்' அவர்களுக்குக் 'காப்பால்'. வியாபாரத்தில் போடும் 'முதல்' அவர்களுக்கு 'மோடால்'. நம் தென்கரையில் உடுத்தும் 'சாரம்' அவர்களுடைய 'சாரோங்'. கீழக்கரையில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கைவலிக்கக் கிண்டும் தொதல், இங்கே நோன்புப் பெருநாளில் 'டோடோல்' என்ற பெயரோடு மலாய் வீட்டுத் தட்டில் வருகிறது. எது எங்கிருந்து எங்கே போயிற்று என்று வழக்காட வேண்டுவதில்லை. கொடுக்கலும் வாங்கலும் நடந்தது என்பதே செய்தி. அதற்குச் சாட்சி சொல்.

தெலுக் ஆயர் தெருவும் அவ்வாறே. அத்தெரு ஒரு காலத்தில் கடற்கரை. கடலைத் தூர்த்த பிறகே அது உள்ளே போயிற்று. 1827-ல் அங்கே குடிசையாக எழுந்த பள்ளி இன்றும் 'குச்சுப் பள்ளி'. பக்கத்தில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்கா எழுந்தது. இப்போது அது நம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கிய நம் பெரியவர்களுக்கும் முன்னரே, பாய்மரத்தில் வந்தவர்கள் இட்ட அடையாளங்கள் இவை.

அரபுத் தமிழ் என்றால் என்ன?

இனி, நம் இருப்பிலே மிக விரைவாகச் செல்லரித்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு வருவோம். அது அரபுத் தமிழ். மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபு எழுத்துகள் இருபத்தெட்டு. ப, ட, ங, ஞ, ண, ள போன்ற நம் ஒலிகளுக்கு அதில் இடமில்லை. ஆகவே நம் பெரியோர் இருக்கிற எழுத்திலேயே புள்ளி கூட்டியும் குறி மாற்றியும் புது எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். மலாய்க்காரர் தம் மொழியை ஜாவியில் எழுதினதும், மலையாள முஸ்லிம்கள் அரபு மலையாளம் எழுதினதும் இதே முறையில்தான்.

காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களையும் விளக்கங்களையும் இவ்வெழுத்தில் எழுதிக் குவித்தார்கள். அவர்கள் வழியில் வந்த தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993-ல் தமிழ்நாடு, இலங்கை ஆகிய இரு நாட்டு அரபுத் தமிழ்ப் பணியைப் பற்றி ஒரு பெரிய ஆங்கில நூலே வெளியிட்டார்கள்.

இவ்வெழுத்தை மிகுதியும் காப்பாற்றியவர்கள் பெண்கள் என்பதை நாம் மறக்கலாகாது. கீழக்கரையிலும் காயலிலும் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஆண்கள் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று சபர் போனார்கள். வீடும் பெட்டியும் உம்மாமாரிடம் இருந்தன. குர்ஆன் ஓதப் பழகிய பெண்ணுக்கு அரபு எழுத்து தெரியும். ஆகவே அதே எழுத்தில் தமிழையும் படிக்க முடிந்தது. கணவர் எழுதிய கடிதத்தை அடுத்த வீட்டாரிடம் காட்டாமல் தாமே படித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் படியேறாத பெண்மணிகளும் இவ்வாறு கற்றவர்களாயிருந்தார்கள்.

நான் செய்த பிழை

இவ்வளவும் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டது. இனிச் சொல்வது என் வீட்டு விஷயம். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்; நம்மவர் ஒருவராவது இதே பிழையைச் செய்யாதிருந்தால் வெட்கம் வீண்போகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் என் சாச்சியின் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். பரண்மேல் ஒரு தேக்குப் பெட்டி இருந்தது, என் பாட்டனாருடையது. திறந்தால் அரபு எழுத்தில் கட்டுக் கட்டாகக் காகிதம். சாச்சியின் மகன் உட்லண்ட்ஸுக்குத் தொலைபேசியில் கேட்டார்: "காக்கா, எல்லாம் அரபு எழுத்தா இருக்கு. குப்பையிலே போட மனசு வரல்லே. என்ன செய்யட்டும்?"

கடையில் கூட்டம். காதிலே தொலைபேசி, கையிலே சில்லறை. "அல்லாஹ்வுடைய கலாம் இருக்கும், காலில் படக்கூடாது. வெள்ளைத் துணியில் கட்டிக் கடலில் விட்டுவிடுங்கள்" என்றேன். அவர் அப்படியே செய்தார். கல் வைத்துக் கட்டி, வள்ளத்தில் கொண்டுபோய் ஆழத்தில் இறக்கினார். கண்ணியமாகச் செய்தோம் என்ற திருப்தி எங்கள் இருவருக்கும் இருந்தது.

அடுத்த விடுமுறையில் நான் போனபோது பெட்டி மட்டும் திண்ணையில் கிடந்தது. அடிப்பலகையில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன், எனக்கு ஓத வரும், ஆனால் அந்தத் தாளில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எண்பது வயதைக் கடந்த, உறவில் எனக்குப் பாட்டி முறையான ஒரு மூதாட்டியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஓதுற கிதாபு இல்லே வாப்பா. உங்க அப்பா எழுதின கடன் சிட்டை."

தெலுக் ஆயரில் கடை வைத்திருந்த ஒருவரிடம் என் பாட்டனார் எண்பது வெள்ளி வாங்கியிருக்கிறார். முப்பது கொடுத்துத் தீர்த்திருக்கிறார். பாக்கி ஐம்பது. கடைசி வரியில், மீதி விவரம் அடுத்த ஏட்டில் என்று எழுதியிருந்தது. அடுத்த ஏடு கடலில் கிடக்கிறது.

சகோதரர்களே! அந்த ஐம்பது வெள்ளி தீர்ந்ததா? தீரவில்லையா? அந்தப் பெட்டியில் அப்படி எத்தனை பேருடைய பாக்கி இருந்தது? இறந்தவரின் சொத்தைப் பிரிக்குமுன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நாம் சிறு வயதில் கற்ற பாடம். அவர் சொத்தில் பங்கு கொண்டோம். கடனை மட்டும் கல் கட்டிக் கடலில் இறக்கிவிட்டோம். ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். "வாரிசுகளைத் தேடுங்கள், கிடையாவிட்டால் அவர் பெயரால் தர்மம் செய்யுங்கள்" என்றார். தேடினேன், கடையும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. தர்மம் செய்தேன். ஐம்பதுக்குத்தான் செய்ய முடிந்தது. எனக்குத் தெரியாத ஏடுகளுக்கு எதைச் செய்வது?

அவமதிப்பால் அழியவில்லை அந்த ஏடுகள், மரியாதையால் அழிந்தன. படிக்கத் தெரியாத மரியாதை அது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் இரண்டாம் அத்தியாயத்தின் 282-வது வசனம். தவணைக் கடனை எழுதி வைக்கவும், எழுதுபவர் நேர்மையாக எழுதவும், சாட்சி வைக்கவும் அது கட்டளையிடுகிறது. பாட்டனார் அக்கட்டளைப்படி எழுதினார். அவர் எழுதியதை, எழுத்துக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணி நான் மூழ்கடித்தேன். இதுவே என் பாடம்.

ஏட்டை இனங்காண்பது எவ்வாறு?

பெட்டியைத் திறக்கும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. வசனம் முடியுமிடந்தோறும் வட்டம் முதலிய குறியும், ஓரங்களில் பகுதிக் குறிப்புகளும் இருந்தால் குர்ஆன் பிரதியாக இருக்கலாம். தனியே எடுத்து வையுங்கள்.

2. அரபு ஓதத் தெரிந்தவருக்கும் பழக்கமில்லாத புள்ளிகள் எழுத்தில் தென்பட்டால் அது அரபுத் தமிழாக இருக்கக்கூடும். உரக்க எழுத்துக் கூட்டிப் பாருங்கள். காதில் தமிழ் கேட்கும்.

3. வரிசையாக எண்கள் இறங்கினால் கணக்கு. தமிழ் எண்களான ௧, ௨, ௩ இருக்கலாம். ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ ஆண்டு. ௶ பற்று, ௷ வரவு. இந்த ஐந்து குறிகளையும் இன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அரை மணி நேர வேலை.

4. தலைப்பில் ஊர்ப் பெயரும் தேதியும், அடியில் கையொப்பமும் இருந்தால் கடிதம். உறையைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். முத்திரையில் ஊரும் ஆண்டும் இருக்கும்.

செய்ய வேண்டியவை

ஈரமான தாளை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். கண்ணாடித்தாளில் வைத்துச் சூடேற்றி ஒட்டவும் வேண்டாம். கைபேசியால் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமும் வரிசையாகப் படம் பிடியுங்கள். எவர் வீட்டுப் பெட்டி, எந்த ஊர், யார் சொன்ன விவரம் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி உடன் வையுங்கள்; இல்லாவிட்டால் பத்தாண்டு கழித்து அப்படமும் ஊமையாகிவிடும். படிக்கத் தெரிந்த மூதாட்டி ஒருவர் இருந்தால், அவர் படிப்பதை ஒலிப்பதிவு செய்யுங்கள். இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். என் தாளைப் படித்துச் சொன்னவர் இப்போது இல்லை.

மூலத்தைத் தர மனமில்லாதவர்கள் படியையாவது தரலாம். இங்கே தேசிய ஆவணக் காப்பகமும் நாகூர் தர்கா மரபுடைமை நிலையமும் இருக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கேட்டறிந்து கொடுங்கள்.

ஊரில் மட்டுமே பெட்டி இருக்கிறது என்றும் எண்ண வேண்டாம். உட்லண்ட்ஸ் அடுக்குமாடிகளில் எத்தனையோ வீட்டுச் சாமான் அறைகளில், கட்டிலுக்கடியில், பழைய கடையைக் காலி செய்தபோது கொண்டுவந்த கட்டுகள் கிடக்கின்றன. 1989-ல் பழைய சேஞ்ச் அல்லி மூடப்பட்டபோது, அங்கே நாணயம் மாற்றிய நம்மவர்களின் பேரேடுகள் எங்கே போயின? வீடு மாறும் நாளில் காராங்குனிக்காரர் வண்டி கீழே காத்திருக்கும்போது நிதானம் வராது. அதற்கு முன்னரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள்.

குடும்பத்தோடு கலந்து பேசச் சில கேள்விகள்

1. நம் பாட்டனார் எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்தார்? யாருக்குத் தெரியும்?

2. நம் வீட்டில் அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த கடைசி மனிதர் யார்?

3. நம் முன்னோர் பெயரில் தீராத கடன் உண்டா? எப்படித் தெரிந்துகொள்வது?

4. இன்று நாம் கணினியில் வைத்திருக்கும் கணக்கை நம் பேரன் திறந்து படிக்க முடியுமா?

மாலையில் உட்லண்ட்ஸ் கரையில் நடக்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளைத் துணி மூட்டை நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவின் நீரும் இந்த நீரிணையின் நீரும் ஒன்றோடொன்று கலந்தவைதாம். ஆனால் எந்தக் கரையிலும் அந்த ஏடு ஒதுங்கப் போவதில்லை. உங்கள் பெட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு முன் அதைத் திறந்து பாருங்கள். இறைவன் நம் அனைவரின் கணக்கையும் நேர்மையானதாக ஆக்கியருள்வானாக! வஸ்ஸலாம்.